வலிமையும் விலக்கும்: சண்டை வீடியோ விளையாட்டுகளில் பாத்திரச் சமநிலை குறித்த விவாதத்தின் வரலாறு (1991–2014)

ஆய்வுச்சுருக்கம்

இருவர் எதிரெதிர் நின்று ஆடும் சண்டை வீடியோ விளையாட்டுகளில் ஒரு பாத்திரம் அளவுக்கு மிஞ்சிய வலிமை உடையதா என்னும் வினா 1990களின் தொடக்கம் முதலே விவாதிக்கப்பட்டு வருகிறது. 1994இல் அறிமுகமான அகுமா, 2008இல் வெளிவந்த ஆட்டமொன்றில் இடம்பெற்ற மெட்டா நைட் ஆகிய இரு பாத்திரங்களை முன்னிட்டு எழுந்த விவாதங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒரு பாத்திரத்தின் விலக்கு நிலைபெறுவதைத் தீர்மானித்தது வலிமையின் அளவு அன்று. எதிராளிக்கு மாற்றுவழி ஏதேனும் எஞ்சியிருந்ததா என்பதே. நிறுவனங்கள் மென்பொருள் திருத்தங்களை வெளியிடத் தொடங்கிய பின்னர், இத்தகைய தீர்ப்பை வழங்கும் உரிமை ஆட்டக்காரர் கையிலிருந்து பெயர்ந்தது என்பதும் இங்கு வாதிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சண்டை விளையாட்டு, பாத்திரச் சமநிலை, அகுமா, மெட்டா நைட், விலக்கு, மென்பொருள் திருத்தம்

முன்னுரை

சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே படை. யார் முதலில் காய் நகர்த்துவது என்பதைத் தவிர வேறு ஏற்றத்தாழ்வு அங்கு இல்லை. சண்டை விளையாட்டு அவ்வாறானது அன்று. ஒருவர் நெடிய கைகளும் மெதுவான நடையும் உடைய பாத்திரத்தைத் தேர்கிறார். மற்றவர் குறுகிய வீச்சும் விரைந்த பாய்ச்சலும் உடைய ஒன்றைத் தேர்கிறார். வேறுபட்ட ஆற்றல்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு, அவற்றுக்கிடையே நேர்மையான போட்டி நிகழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது இவ்வகை விளையாட்டின் அடிப்படை முரண். இம்முரணிலிருந்தே பாத்திரங்களின் வலிமை, குறை, சமநிலை ஆகியவை பற்றிய விவாதம் பிறந்தது.

இவ்விவாதத்தை ரசிகர்களின் பொழுதுபோக்குப் பேச்சாகக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. அது பொருந்தாது. எழுத்து வடிவிலான சட்டமோ நடுவர் மன்றமோ இல்லாத ஒரு குழு, தனக்குரிய நீதியைத் தானே வகுத்துக்கொண்ட வரலாறு இதில் அடங்கியுள்ளது. எந்தக் காரணத்துக்காக ஒரு வலிமையை விலக்கலாம், அதை விலக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இரு வினாக்களும் இங்கு உண்மையான விளைவுகளோடு எதிர்கொள்ளப்பட்டன. பல ஆண்டுகள் உழைத்து ஒரு பாத்திரத்தைப் பயின்றவரின் உழைப்பு, ஒரே அறிவிப்பில் பயனற்றுப் போகக்கூடும்; அறிவிப்பு வராவிட்டாலோ, வேறு பாத்திரங்களைப் பயின்ற பலரது உழைப்பு பயனற்றுப் போகக்கூடும்.

மாறாத பலகையும் மாறும் பதிப்புகளும்

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இவ்வகை விளையாட்டுகளின் இலக்கணத்தை நிலைநிறுத்தியது. அதில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கத்தக்க பாத்திரங்கள் எட்டு. இருவர் ஒரே பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. இவ்வரம்பு சமநிலை விவாதத்தை ஓரளவு மறைத்து வைத்திருந்தது. ஒரு பாத்திரம் மிகச் சிறந்தது என்று இருவரும் அறிந்திருந்தாலும், ஒருவர்தான் அதைப் பெற முடியும். 1992இல் வந்த சாம்பியன் எடிஷன் இவ்வரம்பை நீக்கியது. அதுவரை கணினி மட்டுமே ஆட்டிவந்த நான்கு தலைமை எதிரிகளையும் ஆட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. எல்லாரும் ஒரே பாத்திரத்தை நாடினால் என்ன ஆகும் என்னும் அச்சம் அப்போதுதான் பொருளுடையதாயிற்று.

இந்நான்கு பாத்திரங்களுள் மூன்றின் பெயர்கள் ஜப்பானியப் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் இடம் மாறியுள்ளன. மைக் டைசனை நினைவூட்டிய குத்துச்சண்டைப் பாத்திரத்தின் பெயரால் வழக்கு வரக்கூடும் என்று அஞ்சியதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இரு நாட்டு விவாதங்களையும் ஒப்பிட்டுப் படிப்போர் இதை நினைவில் கொள்ளாவிட்டால், வேகா என்று ஒருவர் எழுதியதை மற்றொருவர் முற்றிலும் வேறொரு பாத்திரமாகப் புரிந்துகொள்ள நேரும்.

அக்காலத்து விளையாட்டுக் கூடங்களில் ஆட்டம் சுற்றுப்பலகை ஒன்றில் பதிக்கப்பட்டு வந்தது. வெளிவந்த பின் அதைத் திருத்த வழியில்லை; புதிய பதிப்பு வேண்டுமெனில் கூடத்தின் உரிமையாளர் புதிய பலகையையோ மாற்றுச் சில்லுகளையோ விலை கொடுத்து வாங்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கள்ளப் பதிப்புகள் தலையெடுத்தன. சாம்பியன் எடிஷனை உருமாற்றிய ரெயின்போ எடிஷன் என்னும் கள்ளப் பலகையில் ஆட்டத்தின் வேகம் மிகுந்திருந்தது; பாத்திரங்கள் வானில் நின்றபடியே தீப்பந்து எறிந்தன; சமநிலை என்று சொல்லத்தக்க ஏதும் அதில் இல்லை. ஆயினும் மக்கள் அதை விரும்பி ஆடினர். 1992இன் இறுதியில் காப்காம் வெளியிட்ட ஹைப்பர் ஃபைட்டிங் பதிப்பில் ஆட்டத்தின் வேகம் கூடியதற்கும், வானில் நிகழ்த்தும் சிறப்பு நகர்வுகள் சில இடம்பெற்றதற்கும் இக்கள்ளப் பலகைகள் தூண்டுதலாயின. ஆட்டத்தை உருவாக்கியவரும் ஆடியவரும் மட்டுமன்றி, அதைத் திருடித் திரித்தவரும் இவ்வரலாற்றில் பங்குடையவர் என்பது கருதத்தக்கது. கள்ளப் பலகையில் வேடிக்கையாக இருந்த வான்வழித் தீப்பந்து, அடுத்த இரண்டாண்டுகளுக்குள் காப்காமின் சொந்தப் பாத்திரமொன்றின் கையில் மெய்யான சிக்கலாகியது.

தீப்பந்தின் இலக்கணம்

1994இல் வெளிவந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அகுமா முதன்முதலாகத் தோன்றியது. ஜப்பானில் இதன் பெயர் கோகி. இதன் தோற்றத்துக்குச் சுவையான முன்கதை ஒன்றுண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் ஆங்கிலப் பதிப்பில் ரியூ என்னும் பாத்திரம் கூறும் வெற்றிமொழியில், ஒரு நகர்வின் பெயர் ஆளின் பெயர் போலத் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அப்படியொரு மறைந்த எதிரி ஆட்டத்துக்குள் இருப்பதாக அமெரிக்க இதழொன்று 1992 ஏப்ரலில் முட்டாள்கள் தினக் கேலியாகச் செய்தி வெளியிட்டது. பலர் அதை நம்பித் தேடினர். தகுதியோடு ஆடி வந்தவருக்கு மட்டும் இறுதியில் எதிர்ப்படும் மறைந்த எதிரியாக அகுமா அமைந்ததில் அக்கேலியின் சாயல் தெரிகிறது. அதை எதிர்கொள்வதோடு நில்லாமல், தேர்வுத் திரையில் சுட்டியைக் குறித்த வரிசையில் நகர்த்திப் பொத்தான்களை அழுத்தினால், ஆட்டக்காரரே அதைத் தேர்ந்தெடுத்து ஆடவும் முடிந்தது.

அகுமா ஏன் விலக்கப்பட்டது என்பதை அறிய, அவ்வாட்டத்தில் தீப்பந்து எவ்வாறு இயங்கியது என்பதை விரிவாக நோக்க வேண்டும். ரியூ தரையில் நின்று எறியும் தீப்பந்து கிடைமட்டமாகச் செல்லும். எறிந்தவர் மீண்டும் இயங்குவதற்குச் சிறிது நேரம் ஆகும். ஒருவருடைய பந்து திரையில் இருக்கும்வரை அவர் அடுத்த பந்தை எறிய இயலாது. இம்மூன்று விதிகளும் எதிராளிக்கு மூன்று வாயில்களைத் திறக்கின்றன. பந்து கிடைமட்டமாகச் செல்வதால் அதைத் தாண்டிக் குதிக்கலாம். எறிந்தவர் மீள நேரம் ஆவதால், முன்னுணர்ந்து குதித்தவர் அவரை அடித்துவிடலாம். தம்மிடமும் பந்து இருந்தால் எதிர்ப்பந்து எறிந்து அதை அழிக்கலாம். எதிராளி குதிப்பார் என்று எதிர்பார்த்து ரியூ பந்து எறிவதும், குதித்தால் மேல்நோக்கிய குத்தால் வீழ்த்துவதும், குதிக்காமல் காத்திருந்து அவர் பொறுமையைச் சோதிப்பதுமாக நிகழும் இந்த உரையாடலே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் உயிர். வலிமையான ஒவ்வொரு செயலுக்கும் விலை ஒன்று உண்டு. அவ்விலையை எதிராளி கண்டறிந்து வசூலிக்கிறார்.

அகுமாவின் வான்வழிப் பந்து இம்மூன்று வாயில்களையும் ஒருசேர அடைக்கிறது. குதித்தபடியே எறியப்படும் அப்பந்து சாய்வாகக் கீழிறங்குகிறது. எறிந்தவர் தரையில் இல்லாததால் தரையில் நின்று அவரைத் தண்டிக்க வழியில்லை. எதிராளி குதித்து எழ வேண்டிய இடத்தையே பந்து வந்து நிரப்புகிறது. தரைவழியே செல்லும் எதிர்ப்பந்து, மேலிருந்து சாய்ந்து வருபவரைத் தொடுவதில்லை. எதிராளி தற்காப்பில் நின்று அதைத் தாங்கினாலோ, அத்தாக்கத்தின் உறைவிலிருந்து அவர் மீள்வதற்குள் அகுமா தரையிறங்கி மீண்டும் எழும்ப ஆயத்தமாகிவிடுகிறது. தாங்கும் ஒவ்வொரு முறையும் உயிர்க்கோட்டில் சிறிதளவு தேய்கிறது. ஆகவே அசையாமல் நிற்பதும் தோல்வியே, அசைவதும் தோல்வியே.

வலிமைகளையும் குறைகளையும் இருபத்தி அட்டவணையாக எழுதி எடை போடும் முறை இங்குப் பொருளற்றுப் போவதை நோக்க வேண்டும். அகுமாவுக்குக் குறை இல்லாமல் இல்லை. அப்பதிப்பின் புதுமையே சூப்பர் காம்போ என்னும் பேராற்றல் நகர்வுதான். ஆட்டக்காரர் கையில் வரும் அகுமாவுக்கு அது வழங்கப்படவில்லை. அட்டவணைப்படி இது பெருங்குறை. நடைமுறையிலோ, எதிராளியை வாய் திறக்கவிடாத ஒருவருக்குப் பேராற்றல் தேவைப்படவே இல்லை. ஒரு வலிமை மற்றொரு குறையால் ஈடுசெய்யப்படும் என்னும் எண்ணம், அக்குறையை எதிராளி எட்ட முடியும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது. திருக்குறள் வலியறிதலைத் தனித்து நிறுத்தாமல், காலமறிதலையும் இடனறிதலையும் அதற்கு அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்திருக்கும் முறை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. காலத்திலிருந்தும் இடத்திலிருந்தும் பிரித்து அளக்கப்படும் வலி வெறும் எண்.

இதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 1997இல் தொடங்கிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வரிசையில், தாக்குதல் வந்து சேரும் நொடியில் எதிராளியின் திசைநோக்கிக் கைப்பிடியைத் தட்டினால் சேதமின்றி அதைத் தட்டிக்கழிக்கும் புதிய தற்காப்பு அறிமுகமானது. அவ்வரிசையில் 1999இல் வந்த தேர்டு ஸ்ட்ரைக்கில் அகுமா வான்வழிப் பந்தோடுதான் இடம்பெற்றது. ஆனால் இப்போது அப்பந்துக்கு விடை எல்லாப் பாத்திரங்களின் கையிலும் இருந்தது. அகுமாவின் தாங்குதிறனும் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. ஓர் ஆட்டத்தில் வெல்லவொண்ணாததாக இருந்த நகர்வு, மற்றோர் ஆட்டத்தில் பலவற்றுள் ஒன்றாகியது.

எழுதப்பட்ட விலக்கும் எழுதாத விலக்கும்

அமெரிக்கப் போட்டித்தொடர்களில் அகுமா வெளிப்படையாக விலக்கப்பட்டது. 1996இல் கலிபோர்னியாவில் நடைபெற்று, பின்னாளில் இவோ என்னும் பெருந்தொடராக வளர்ந்த பாட்டில் பை த பே போட்டியிலும் இவ்வாட்டம் இடம்பெற்றது. தொடர்களில் பங்கேற்றவரும் பின்னர் ஆட்ட வடிவமைப்பாளராகப் பணியாற்றியவருமான டேவிட் சிர்லின், 2006இல் நூலாக வெளிவந்த தமது பிளேயிங் டு வின் கட்டுரைகளில் இதைப் பற்றி எழுதியுள்ளார். வெற்றிக்கு உதவும் எதையும் ஆட்டக்காரர் தயங்காமல் பயன்படுத்த வேண்டும், ஒரு நகர்வை இழிவானது என்று பழிப்பவர் தமக்குத் தாமே கற்பனை விதிகளை விதித்துக்கொள்கிறார் என்பதே அந்நூலின் மையக் கருத்து. அத்தகைய நூலே அகுமாவின் விலக்கைச் சரியென்று ஏற்கிறது. விலக்கப்படும் பொருள் நடைமுறையில் விலக்கத்தக்கதாக இருத்தல், தெளிவான எல்லையுடையதாக இருத்தல், விலக்குவதற்குத் தக்க காரணம் இருத்தல் என்னும் மூன்று அளவைகளை அவர் முன்வைக்கிறார். தேர்வுத் திரையிலேயே அடையாளம் காணத்தக்க பாத்திரம் என்பதால் முதலிரண்டும் அகுமாவுக்குப் பொருந்துகின்றன. எல்லாப் போட்டிகளும் அகுமாவுக்கும் அகுமாவுக்குமாகச் சுருங்கிவிடும் என்பது மூன்றாவதை நிறைவு செய்கிறது.

இதில் பெரிய விவாதம் ஏதும் நடைபெறவில்லை என்று அவர் குறிப்பிடுவது கவனத்துக்குரியது. பாத்திரத்தின் வலிமை குறித்து எதிலும் ஒன்றுபடாத ஒரு கூட்டம், இதில் மட்டும் ஒரே மனத்தோடு முடிவெடுத்தது. எதிர்வழி எதையும் யாராலும் சுட்டிக்காட்ட இயலாதபோதுதான் அத்தகைய ஒருமை வாய்க்கும்.

ஜப்பானில் வழி வேறாக இருந்தது. அங்கு அகுமாவுக்கு எழுதப்பட்ட தடை இல்லை. சிறந்த ஆட்டக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்னும் சொல்லாத உடன்பாடே போதுமானதாக இருந்தது. மீறுவோரைக் கூடத்தில் சூழ்ந்து நிற்போரின் பார்வையே தண்டித்தது. அறிமுகமானவர்கள் ஒரே கூடத்தில் மாலைதோறும் கூடி ஆடும் சூழலில் இது இயங்கும். நாடு முழுவதிலுமிருந்து ஒருவரையொருவர் அறியாதோர் நுழைவுக்கட்டணம் செலுத்தி ஒரு நாள் கூடும் தொடரில், நாணத்தைச் சட்டமாகக் கொள்ள இயலாது. எழுத்துத் தடையும் எழுதாத தடையும் பண்பாட்டு வேறுபாட்டின் விளைவு என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆயினும் கூட்டத்தின் அளவும் அறிமுகத்தின் நெருக்கமும் கூடுதல் விளக்கம் தருகின்றன.

எழுதாத தடைக்கு ஒரு தீங்கும் உண்டு. அதன் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். இதே ஆட்டத்தில், முந்தைய பதிப்பின் இயல்புகளோடு சில பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் மறைவழி இருந்தது. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் பழைய சாகட் தரைப்பந்துகளை எறிந்தபின் விரைந்து மீளும். பல பாத்திரங்களுக்கு அது கடும் எதிரி. ஆனால் வெல்லவொண்ணாத எதிரி அன்று. அமெரிக்காவில் அதற்குத் தடை இல்லை. ஜப்பானிலோ அகுமாவுக்குரிய சொல்லாத விலக்கின் நிழல் பழைய சாகட்டின் மீதும் படிந்தது. எதிர்வழி உடைய வலிமையும் எதிர்வழி அற்ற வலிமையும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட இடம் இது. அமெரிக்க வழக்கத்தின் பக்கமே இதில் நியாயம் மிகுதி எனலாம். கடினமான எதிரியை வெல்லக் கற்பது ஆட்டத்துக்குள் அடங்கியது. அவ்வாய்ப்பை மரியாதையின் பெயரால் மூடுவதற்குக் காரணம் போதாது.

பாத்திரங்களுக்கிடையிலான வலிமையைப் பத்து ஆட்டங்களின் விகிதமாகக் குறிக்கும் வழக்கமும் இவ்வாட்டங்களைச் சுற்றியே வேரூன்றியது. ஆறுக்கு நான்கு எனில் சிறு சாய்வு. ஏழுக்கு மூன்று எனில் கடுஞ்சாய்வு. சம திறனுடைய இருவர் பத்துமுறை ஆடினால் என்னும் கற்பனையின் மேல் எழுப்பப்பட்ட எண் இது. எண்ணாக எழுதப்பட்டதால் அது அளந்து பெற்ற முடிவுபோலத் தோற்றம் கொண்டது. உண்மையில் அது அனுபவசாலிகளின் மதிப்பீட்டைச் சுருக்கமாகப் பேசும் மொழி.

2008இல் இவ்வாட்டத்தின் மறுவடிவமான எச்டி ரீமிக்ஸ் வெளிவந்தபோது, பாத்திரச் சமநிலையைத் திருத்தும் பணி சிர்லினிடமே அளிக்கப்பட்டது. அகுமாவைப் போட்டிக்குத் தகுதியாக்க அதில் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. விலக்கின் அளவைகளை வகுத்தவரே விலக்கப்பட்டதை மீட்க முயன்ற அரிய நிகழ்வு இது. எனினும் வெளிவந்த சில காலத்துக்குள்ளாகவே ஆட்டக்காரர்கள் அகுமா இன்னும் மிஞ்சிய வலிமை உடையதே என்று கண்டனர். அப்பதிப்பின் தொடர்களிலும் அது விலக்கப்பட்டது. சிலர் கூடி மாதக்கணக்கில் சோதித்ததை விட, ஆயிரக்கணக்கானோர் வெற்றி வேட்கையோடு சில வாரங்கள் தேடியதே ஆட்டத்தின் உட்கூற்றை வெளிக்கொணர்ந்தது.

மெட்டா நைட்: எதிர்வழி உண்டா என்னும் ஐயம்

அகுமாவின் விலக்கு எளிதாக இருந்ததற்கு நேர்மாறானது மெட்டா நைட்டின் விலக்கு. நிண்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் 2008இல் வெளிவந்தது. இவ்வரிசையில் எதிராளியின் உயிர்க்கோட்டைத் தேய்ப்பது நோக்கம் அன்று; மேடையிலிருந்து அவரை வெளியே தள்ளி, திரும்பி வரவிடாமல் செய்வதே நோக்கம். ஆகவே மேடைக்கு வெளியே வானில் உலவும் ஆற்றல் இங்குப் பேராற்றல். மெட்டா நைட்டுக்கு வானில் ஐந்து முறை குதிக்கும் திறனும், சறுக்கிப் பறக்கும் திறனும் உண்டு. அதன் சிறப்பு நகர்வுகள் நான்கும் மேடைக்குத் திரும்ப உதவுபவை. வாள்வீச்சு விரைவானது. அடிபட்டவர் விரைவில் விடுபட்டு விலகிக்கொள்ள முடிந்ததால், தொடர் தாக்குதலைவிடத் தற்காப்புக்கே இடம் மிகுந்த ஆட்டம் பிரால். அத்தகைய ஆட்டத்தில் எளிதில் பிடிபடாத ஒருவர் பெறும் ஆதாயம் பன்மடங்கு.

குறைகளும் மெய்யானவை. மெட்டா நைட் எடை குறைந்தது. வலுவான அடியொன்றில் மற்றப் பாத்திரங்களைவிட விரைவில் வெளியேறும். தொலைவிலிருந்து எறிவதற்கு அதனிடம் ஏதும் இல்லை. இக்குறைகளை எதிராளி எட்ட முடிந்தது. பலர் எட்டியும் காட்டினர். மெட்டா நைட்டை வேறு பாத்திரங்கள் வென்ற ஆட்டங்கள் அரியவை அல்ல. இதனால்தான் விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

விலக்கு வேண்டும் என்றோர் முன்வைத்த வாதங்களுள் வலுவானது வெற்றிகளின் எண்ணிக்கையைப் பற்றியது அன்று. தொடர்களில் ஓர் ஆட்டத்தில் தோற்றவர், அடுத்த ஆட்டத்துக்கு மேடையையும் பாத்திரத்தையும் மாற்றித் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் முறை இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒத்துவராத எதிரியும் ஒத்துவராத மேடையும் உண்டு என்பதே அம்முறையின் அடித்தளம். மெட்டா நைட்டுக்குத் தெளிவாக ஒத்துவராத எதிரி யாரும் இல்லை. ஆகவே தோற்றவருக்கு வழங்கப்பட்ட உரிமை, மெட்டா நைட்டுக்கு எதிரே வெறும் சடங்காகியது. எதிர்த்தோர், வெல்ல முடிகிற ஒன்றை விலக்குவது தோல்வியின் சோம்பலுக்குப் பரிசளிப்பதாகும் என்றனர். மெட்டா நைட் விலகினால் அடுத்த நிலையில் உள்ள பாத்திரம் அவ்விடத்தைப் பிடிக்கும், விலக்கு எங்கே நிற்கும் என்றும் வினவினர்.

இரு தரப்புக்கும் இடையில் சிறு விதிகள் பெருகின. பரிமாண நகர்வொன்றை நீட்டித்து முடிவின்றி மறைந்திருக்கும் உத்தி தடைசெய்யப்பட்டது. அதில் கருத்து வேறுபாடு இல்லை, ஏனெனில் அது அகுமாவின் பந்தைப் போல விடையற்றது. மேடையின் விளிம்பைப் பற்றிப் பற்றி விட்டு நேரத்தைக் கடத்தும் உத்தியே சிக்கலாயிற்று. விளிம்பைப் பற்றுதல் ஆட்டத்தின் இயல்பான செயல். எத்தனை முறைக்கு மேல் அது குற்றமாகும்? ஆட்டத்தின் முடிவில் திரையே அவ்வெண்ணிக்கையைக் காட்டியதால், நேரம் தீர்ந்து முடியும் ஆட்டங்களுக்கு ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. மெட்டா நைட்டுக்கு மட்டும் குறைந்த வரம்பு வைத்த விதிமுறைகளும் இருந்தன. ஒரே செயலுக்கு ஆளுக்கொரு நீதி என்னும் நிலை அது. பாத்திரத்தை முழுமையாக விலக்கத் தயங்கிய கூட்டம், அதன் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தது எனலாம்.

2011இல் அமெரிக்கத் தொடர் அமைப்பாளர்கள் பொதுவிதிகளை வகுக்கக் கூடி அமைத்த யூனிட்டி விதிக்குழு, அவ்வாண்டின் பிற்பகுதியில் மெட்டா நைட்டை விலக்க முடிவெடுத்தது. 2012 ஜனவரி முதல் நடைமுறை என அறிவித்தது. அதே மாதம் நியூ ஜெர்சியில் நடைபெற்ற அபெக்ஸ் தொடர், பிற நாட்டு ஆட்டக்காரர்களும் பங்கேற்கும் பெருந்தொடர். அங்கு விலக்கு ஏற்கப்படவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவர் மெட்டா நைட்டைக் கொண்டே அத்தொடரில் முதலிடம் பெற்றார். விலக்குவோர் தம் வாதத்துக்கு இதைச் சான்றாக்கினர். எதிர்ப்போரோ, உலகின் பிற பகுதியினர் ஆடும் பாத்திரத்தை நாம் மட்டும் விலக்கினால் நம் ஆட்டக்காரர்களே அதை எதிர்க்கப் பயிலாமல் போவர் என்றனர். 2012க்குள்ளேயே விதிக்குழு கலைந்தது. பல தொடர்களில் மெட்டா நைட் மீண்டும் இடம்பெற்றது.

அகுமாவின் விலக்கு எந்தக் குழுவும் இன்றி நிலைத்ததும், மெட்டா நைட்டின் விலக்கு குழு இருந்தும் நிலைக்காததும் தற்செயல் அல்ல. முன்னதில் விதி, எல்லாரும் கண்டுவிட்ட ஒன்றை எழுத்தில் பதித்தது. பின்னதில் விதி, பாதிப் பேர் காணாத ஒன்றைக் காணும்படி ஆணையிட்டது. மெட்டா நைட் ஆட்டத்தை வறியதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமையை எவ்வளவு தாங்கலாம் என்பது ரசனை சார்ந்த வினா. அதற்குப் பெரும்பான்மை வாக்கு விடையாகலாம். ஒருமனத் தீர்ப்பு கிட்டாது.

பிராலுக்குப் பாத்திரச் சமநிலையைத் திருத்தும் புதுப்பிப்பு எதையும் நிண்டெண்டோ வெளியிடவில்லை. அவ்வெற்றிடத்தை ஆட்டக்காரர்கள் தாமே நிரப்ப முயன்றனர். பிராலை மாற்றியமைத்த புராஜெக்ட் எம் என்னும் ஆக்கம் 2011 முதல் வெளிவந்தது. அதன் உருவாக்கம் 2015இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. 1992இன் கள்ளப் பலகைகளுக்குச் சமநிலை பொருட்டே அன்று. இவ்வாக்கமோ சமநிலைக்காகவே உழைத்தது.

திருத்தத்தின் காலம்

இணையத்தோடு இணைந்த விளையாட்டுக் கருவிகள் பரவியபின் நிலைமை மாறியது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வரிசை இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. 2008இன் முதல் பதிப்பில் உயர்ந்து நின்ற சாகட், 2010இன் சூப்பர் பதிப்பில் குறைக்கப்பட்டது. அதையடுத்து வந்த ஆர்கேட் எடிஷனில் யூன் என்னும் பாத்திரம் மேலோங்கியது. அதைப் பற்றிய முறையீடுகள் மிகுந்திருந்த வேளையில், 2011 இவோ தொடரின் இறுதி ஆட்டம் யூன் இல்லாமலேயே நிகழ்ந்தது. ஃபெய் லாங் முதலிடமும் சி. வைப்பர் இரண்டாமிடமும் பெற்றன. எதிர்வழிகள் கண்டறியப்பட்டுக்கொண்டிருந்தன என்பதற்கு இது சான்று. அவ்வாண்டு டிசம்பரில் வந்த இலவசத் திருத்தம் யூனின் வலிமையைக் குறைத்தது. எதிர்வழித் தேடலும் அத்துடன் தேவையற்றுப் போயிற்று.

திருத்தம் நன்மையே செய்தது என்போர் உண்டு. விலக்கைவிட அது மென்மையானது என்பதும், பாத்திரத்தைப் பயின்றவர் அதை முற்றிலும் இழப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் விவாதத்தின் முகவரி மாறிவிட்டது. மாறாத பலகையின் காலத்தில் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் நோக்கிப் பேசினர். எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதைத் தாமே தீர்த்துக்கொண்டனர். திருத்தத்தின் காலத்தில் அவர்கள் நிறுவனத்தை நோக்கி விண்ணப்பிக்கின்றனர். எதிர்வழி தேடும் உழைப்பைவிட முறையீடு மலிவானதாகும்போது, ஒரு வலிமை விடையற்றதா அல்லது விடை இன்னும் காணப்படாததா என்று பிரித்தறியும் அவகாசமே குறுகிவிடுகிறது. பழைய சாகட்டுக்கு அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் விடை தேடினர். யூனுக்கு அந்த ஆண்டுகள் வாய்க்கவில்லை.

அகுமா இவ்வரிசையில் எல்லாரும் தேர்ந்தெடுக்கும் பாத்திரமாகத் தொடர்களில் உலவியது. ரியூவின் உயிர் அளவு 1000 எனில் அகுமாவுக்கு 850. கீழே விழுந்தவர் எழும் நொடியில் எந்தப் பக்கத்திலிருந்து தாக்குதல் வரும் என்று அறியாதபடி சூழ்ந்துகொள்ளும் உத்தியே இப்போது அதன் வலிமை. பிடிபட்டால் விரைவில் வீழ்வது அதன் விலை. இவ்வுத்தி பற்றியும் முறையீடுகள் எழுந்தன. 2014இல் வந்த அல்ட்ரா பதிப்பு, வீழ்ந்தவர் எழும் நேரத்தைத் தாமே சற்றுத் தாமதிக்கும் வழியை எல்லாருக்கும் வழங்கியது. அகுமாவைக் குறைப்பதற்கு மாறாக எதிராளிக்கு ஒரு விடையைச் சேர்த்த இத்திருத்தம், 1997இன் தட்டிக்கழிக்கும் தற்காப்பின் வழித்தோன்றல். அதே பதிப்பு, முந்தைய பதிப்புகளின் பாத்திரங்களை அவற்றின் பழைய வலிமையோடு தேர்ந்தெடுக்கும் வசதியையும் அளித்தது. குறைக்கப்படாத சாகட்டும் யூனும் அதில் திரும்பி வந்தன. திருத்தமே செல்லாத 1994இன் சுற்றுப்பலகையில், இருபதாண்டுகளுக்குப் பின்னும் அமெரிக்கத் தொடர்களில் அகுமா விலக்கப்பட்டே இருந்தது.